மருதந்துறையின் இரண்டாவது சர்வாதிகாரி

குற்றாலிங்கம் பதினான்கு கவளம் பழையசோறு தின்றுவிட்டு வந்து உட்கார்ந்ததால்தான் அவரை யாராலும் தூக்க முடியவில்லை என்று மருதந்துறையிலும் அதைச் சுற்றியுள்ள பதினெட்டுக் கிராமங்களிலும் இன்றுவரை நம்பப்படுகிறது. இது பெரும் பிழை. இதைத் திருத்தாமல் இந்தக் கதையில் ஓர் அடிகூட முன்னே வைக்க முடியாது. அன்று கிருத்திகை. குற்றாலிங்கம் கிருத்திகைதோறும் விரதம் இருப்பவர். அன்று காலை அவர் வயிற்றுக்குள் போனது அரைத் தம்ளர் நீர்மோர், அதிலும் கறிவேப்பிலையை எடுத்து வெளியே போட்டுவிட்டார். அவர் ஏழு வருஷம் அங்கேயே உட்கார்ந்திருந்தார் என்பதும் பிழை. ஒரு வருஷம், பத்து மாதம், நான்கு நாள். அவரைத் தூக்க முடியாமல் கோயில் யானை கண்ணீர் விட்டது என்பதும் பிழை. அந்த யானைக்கு அதற்கு முந்தைய வாரத்திலிருந்தே கண்ணில் நோவு.

இந்த மூன்று பிழைகளையும் தன் வாழ்நாள் முழுவதும், கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும், கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் திருத்திக்கொண்டே இருந்தவர் ஆவுடையப்பன். உண்மையின் மேல் இருந்த பற்றினால் அப்படிச் செய்தார் என்று சொன்னால் அது நான்காவது பிழையாகிவிடும்.

அந்தக் காலத்தில் காங்கிரஸ் கமிட்டிகள் தடைசெய்யப்பட்டிருந்தன. கூட்டம் போட்டால் கைது, கூட்டம் போடப்போவதாக நோட்டீஸ் ஒட்டினாலும் கைது. ஆகையால் ஊருக்கு ஊர் ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொண்டார்கள். பட்டியலில் முதல் பெயருக்கு உரியவர் போராட்டத்தை நடத்துவார். அவரைப் போலீஸ் கொண்டுபோன மறுநிமிஷம் இரண்டாம் பெயருக்கு உரியவர் தலைவராவார். அவரும் போனால் மூன்றாமவர். இப்படித் தலைமை ஏற்பவருக்குச் சர்வாதிகாரி என்று பெயர். அந்த வார்த்தைக்கு உலகத்தில் கெட்ட பெயர் வர இன்னும் சில வருஷங்கள் இருந்தன. அப்போது அது கதர்ச் சட்டை போட்ட, அடி வாங்கச் சம்மதித்த, பெரும்பாலும் மூலவியாதியுள்ள நடுவயது மனிதர்களையே குறித்தது. தன் முறை வருவதற்கு முன்னால் யாரும் முந்திக்கொண்டு ஜெயிலுக்குப் போகக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பான விதி.

மருதந்துறைப் பட்டியலில் முதல் பெயர் வெற்றிலைக்கடைக் குற்றாலிங்கம். இரண்டாவது பெயர், நடுநிலைப் பள்ளியின் தலைமை வாத்தியார் வேலையைத் துறந்து இயக்கத்துக்கு வந்த ஆவுடையப்பன். மூன்றாவது பெயர் ஆவுடையப்பனின் மனைவி உலகம்மாள். பட்டியலில் மூன்று பேராவது இருக்க வேண்டும் என்று ஜில்லாக் கமிட்டி வற்புறுத்தியதால், அடுப்படியில் இருந்தவளைக் கேட்காமலே ஆவுடையப்பன் ஒப்புக்கு எழுதிய பெயர் அது.

முதல் பெயர் யாருடையது என்பதைக் கைதூக்கித்தான் முடிவு செய்தார்கள். குற்றாலிங்கத்துக்கு நான்கு கைகள், ஆவுடையப்பனுக்கு மூன்று. அந்த நான்கில் ஒன்று ஆவுடையப்பனின் கை. மரியாதைக்காக அவர் அதைத் தூக்கினார். குற்றாலிங்கமும் அதே மரியாதையைத் திருப்பிச் செய்வார் என்று எதிர்பார்த்தார். குற்றாலிங்கமோ அந்த நேரத்தில் ஈரத்துணியில் வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தபடியால் இரண்டு கையும் ஒழியாமல் யாருக்குமே தூக்கவில்லை. தான் தூக்கிய அந்த ஒரு கையை ஆவுடையப்பன் அதன்பின் ஒருநாளும் மன்னிக்கவில்லை. சாப்பிடும்போதுகூட அதைக் கொஞ்சம் வெறுப்புடன்தான் பார்ப்பார் என்று உலகம்மாள் சொல்வதுண்டு.

ஆவணி மாதம் தாலுகா கச்சேரியில் கள்ளுக்கடை ஏலம். ஏலம் கேட்க வருகிறவர்கள் உள்ளே நுழையாதபடி வாசலில் உட்கார்ந்துவிடுவது என்று முடிவாயிற்று. உட்கார்ந்திருக்கும் மனிதனைத் தாண்டிப் போவது பாவம் என்பதில் கள்ளுக்கடைக்காரர்களுக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. குற்றாலிங்கம் கச்சேரி வாசலின் இரண்டு கதவுகளுக்கும் நடுவே, கதவை மூட முடியாத இடமாகப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உரித்த முருங்கைக்காய் போல இருப்பார். கதர்ச் சட்டை அவர் மேல் காயப்போட்டது போலத் தொங்கும். எதிரே பூவரச மரத்தடியில் ஆவுடையப்பன் படுக்கைச் சுருள், பித்தளைச் செம்பு, நாற்பத்திரண்டு பக்கப் பிரசங்கம் ஆகியவற்றுடன் தயாராக நின்றார். பூக்காரிக்கு அன்று வேறு வேலை இருந்ததால் தலைமை ஏற்பு மாலையை முன்கூட்டியே அவர் கழுத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

சப்-இன்ஸ்பெக்டர் ஸ்தனிஸ்லாஸ் உத்தரவை வாசித்தார். இரண்டு கான்ஸ்டபிள்கள் குனிந்து ஆளுக்கொரு கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். குற்றாலிங்கம் வரவில்லை. நான்கு பேர் தூக்கினார்கள். எட்டுப் பேர், கடைசியில் பதினாறு பேர் தூக்கினார்கள். ஒருவர் தொப்பி விழுந்தது, ஒருவர் அரைக்கச்சை அறுந்தது.

"அண்ணாச்சி, கொஞ்சம் ஒத்துழைக்கணும்," என்றார் ஸ்தனிஸ்லாஸ், மூச்சு வாங்க.

"அது மட்டும் முடியாது சார். கமிட்டியில கோவிச்சுக்கிடுவாவ."

"தரையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கீரா?"

குற்றாலிங்கம் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "நான் ஒண்ணும் பண்ணலியே. சும்மா உக்காந்திருக்கேன்."

மாலை ஐந்து மணி வரை பார்த்தார்கள். கயிறு அறுந்தது, மூங்கில் நெம்புகோல் முறிந்தது, யானை வந்து போனது. பூவரச மரத்தடியில் ஆவுடையப்பன் கழுத்தில் இருந்த மாலை வாடிச் சுருங்கி, சாமந்தி ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடைசியில் நார் மட்டும் மிஞ்சியது.

மறுநாள் காலை ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், கச்சேரி வாசலில் புதிதாக ஒரு கல் நட்டிருந்தால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படி எடுத்துக்கொண்டது. பெருக்குகிறவள் அவரைச் சுற்றி வட்டமாகப் பெருக்கிவிட்டுப் போனாள். வெயில் ஏறியதும் நாலு கால் நட்டு ஒரு பந்தல் போட்டார்கள். ஐப்பசியில் பெரும்புயல் அடித்தபோது பந்தல் கயிறுகளை அவர் மணிக்கட்டில் கட்டிவைத்தார்கள், மூன்று தெருக்களின் கூரை பறந்தும் அந்தப் பந்தலில் ஓர் ஓலை அசையவில்லை. நிலம் அளக்க வந்த சர்வேயர், இடம் பெயராத புள்ளி ஒன்று வேண்டுமென்று தேடி, சங்கிலியின் ஒரு முனையைக் குற்றாலிங்கத்தின் வலது முழங்காலில் வைத்து மேற்கே அளந்து போனார். இயற்கை உபாதைகளுக்கு அவர் என்ன செய்தார் என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு ஒரு திரையும் ஒரு முறையும் இருந்தன. அதற்கு மேல் வரலாறு கேட்பது மரியாதையில்லை.

தாசில்தார் தடித்த மனிதர், பக்கவாட்டில் நுழைய முடியாதவர். ஆகையால் தெற்குச் சுவரை இடித்து அவருக்குப் புது வாசல் வைத்தார்கள். அந்த வாசல் பிணம் தூக்கிப்போகும் சந்தில் திறந்தது. கள்ளுக்கடைக்காரர்கள் அந்தச் சந்து வழியாக நல்ல காரியத்துக்குப் போக மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஏலம் நடக்கவில்லை, கடை திறக்கவில்லை. குடிக்கிறவர்கள் ஆறு மைல் நடந்து அடுத்த தாலுகாவில் குடித்துவிட்டு, ஆறு மைல் திரும்பி நடந்ததில் போதை முழுவதும் இறங்கி, மிகுந்த மனவருத்தத்துடன் வீடு வந்து சேர்ந்தார்கள்.

இன்னொன்றும் நடந்தது. மனுக் கொடுக்க வருகிற சனங்கள் பழக்கப்படி முன்வாசலுக்கே வந்தார்கள், அங்கே அதிகாரிகள் யாரும் இல்லை, குற்றாலிங்கம் இருந்தார். மனுவை அவரிடம் கொடுத்தார்கள். அவர் படித்துப் பார்த்து, "இது இங்க தீராதப்பா, உன் தம்பி வீட்டுக்குப் போய் ஒரு வாய்ச் சோறு கேளு, தீரும்," என்பது போல ஏதாவது சொல்வார். போனார்கள், தீர்ந்தது. வெற்றிலைக்கடைக்காரருக்கு ஊரில் உள்ள எல்லாருடைய சச்சரவும் ஏற்கெனவே தெரியும் என்பதைத் தவிர இதில் அதிசயம் ஒன்றுமில்லை என்று ஆவுடையப்பன் சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கும்பிடுகிறவர்கள் வரிசை பூவரச மரம் வரை வந்து, ஆவுடையப்பனை இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னது.

பொறாமை ஆவுடையப்பனுக்கு வயிற்றில் இருக்கவில்லை, எடையில் இருந்தது. ரயிலடிக்குப் போய்ச் சாமான் எடை போடும் தராசில் ஏறி நின்றார்: நூற்றெண்பத்திரண்டு ராத்தல். பாரமாக இருப்பதற்கு ஊரில் யாருக்காவது உரிமை உண்டென்றால் அது தனக்குத்தான் என்று அவருக்குத் தோன்றியது. எள்ளுருண்டையும் தயிருமாகத் தின்று நூற்றுத்தொண்ணூறு ஆக்கினார். பிறகு, விரதம் இருந்ததால்தான் குற்றாலிங்கத்துக்குப் பாரம் வந்ததோ என்று சந்தேகம் தோன்றிப் பதினொரு நாள் பட்டினி கிடந்தார். நடுவீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, பூமியின் அடியில் உள்ள பாறைகளை நினைத்துக்கொண்டு, மச்சினனைத் தூக்கச் சொன்னார். மச்சினன் தூக்கினான். அடுத்த நாள் இமயமலையை நினைத்துக்கொண்டார். அன்றும் தூக்கினான்.

"கொஞ்சமாச்சும் கனமாத் தெரிஞ்சுதாடே?"

"நேத்தைக்கு இன்னிக்குக் கொஞ்சம்..." என்று இழுத்த மச்சினன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நெசமாவே பாரமா இருக்கணும்னா நான் வேணும்னா நடிக்கட்டா அத்தான்?" என்று கேட்டான். அதன்பின் அவனை வீட்டுப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவன் இடத்துக்குப் பால்காரனைப் பிடித்துக்கொண்டார்.

உலகம்மாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கச்சேரி வாசலுக்குப் போய், மனு வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் சொன்னாள்: "அண்ணாச்சி, இவிய நடுவீட்டுல உக்காந்துகிட்டு வாரவன் போறவனையெல்லாம் தூக்கச் சொல்லுதாவ. பால்காரன் இனிமே வர மாட்டேங்கான். அவனுக்கு இடுப்பு பிடிச்சிட்டு."

குற்றாலிங்கம் கையிலிருந்த மனுவை மடித்துக் கீழே வைத்தார். "தூக்க முடியலைன்னு சொல்லச் சொல்லு தாயி. ஒருநாளைக்குச் சொன்னாப் போதும்."

"நம்பிருவாவளா?"

"நம்ப மாட்டாரு. வாத்தியாரில்லா? ஆனா நிப்பாட்டிருவாரு."

மறுநாள், உலகம்மாள் கெஞ்சிக் கூட்டிவந்த பால்காரன் முக்கி முனகி, முகம் சிவந்து, "முடியலீங்க ஐயா, என்னா பாரம்!" என்றான். ஆவுடையப்பன் கண்ணைத் திறந்து அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். இந்த இரக்கம் எந்த வாசலிலிருந்து வந்தது என்பது அவருக்கு உடனே புரிந்துபோயிற்று. அன்றோடு பயிற்சியை நிறுத்தினார். அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பிறகு சட்டத்தில் இறங்கினார். கைது உத்தரவை வாசித்த கணத்திலேயே கைது நிகழ்ந்துவிட்டது என்றும், உடலை நகர்த்துவது அதற்குப் பின்வரும் போக்குவரத்துக் காரியம் மட்டுமே என்றும், ஆகையால் ஆவணி மாதத்திலிருந்து மருதந்துறையின் சர்வாதிகாரி தாமே என்றும் பதினான்கு பக்கத்துக்கு ஜில்லாக் கமிட்டிக்கு எழுதினார். ஜில்லாக் கமிட்டியில் அப்போது பதினெட்டுப் பேர் ஜெயிலுக்குப் போயிருந்தார்கள். பத்தொன்பதாவது சர்வாதிகாரியாக இருந்த, யாருக்கும் பெயர் தெரியாத ஒருவரிடமிருந்து தபால் கார்டில் பதில் வந்தது. "ஆசாமி நகர்ந்தாரா இல்லையா? நகரவில்லையென்றால் நகரும்வரை பொறுக்கவும். வந்தே மாதரம்."

இடையில் குற்றாலிங்கத்தின் மகளுக்கு ஆற்றுக்கு அக்கரையில், மாப்பிள்ளை வீட்டில் கல்யாணம் நடந்தது. தகப்பனால் வர முடியாது. மணப்பெண் முதல்நாள் கச்சேரி வாசலுக்கு வந்து விழுந்து கும்பிட்டுவிட்டு வண்டியேறிப் போனாள். ஊரே கல்யாணத்துக்குப் போயிற்று, ஆவுடையப்பனும் போனார். பந்தியில் உட்கார்ந்த எல்லாரும் வராத மனிதரைப் பற்றியே பேசினார்கள். வந்திருக்கும்போதே தன்னைப் பற்றி ஒருவர்கூட இவ்வளவு பேசியதில்லையே என்று நினைத்த ஆவுடையப்பன், அந்தத் துயரத்தில் பாயசத்தை இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்.

இப்படியாக ஒரு வருஷம் பத்து மாதம் போயிற்று. ஆனி மாதம் தேரோட்டம் வந்தது. தேர் வடம் பிடிக்க ஊர் முழுவதும், வடம் பிடிப்பவர்களை ஒழுங்குபடுத்தப் போலீஸ் முழுவதும், இருவருக்கும் பானகம் கொடுக்கக் கச்சேரிச் சிப்பந்திகள் முழுவதும் ரத வீதிக்குப் போயிருந்த அந்தக் காலை பத்து மணிக்கு, ஆவுடையப்பன் கச்சேரி வாசலுக்கு வந்தார். கக்கத்தில் துண்டு சுற்றிய நீளமான பொருள் ஒன்று இருந்தது.

குற்றாலிங்கம் துண்டின் முனையைப் பார்த்தார். "என்னவே, கடப்பாரையோட வாரீரு? மரம் நடப் போறீரா?"

"உம்மத் தோண்டி எடுக்கப் போறேன்."

"ஓஹோ." குற்றாலிங்கம் தன்னைச் சுற்றித் தரையைப் பார்த்தார். "அதுவும் நல்ல யோசனைதான். யாருக்கும் தோணல பாரும். பைய நடத்தும், தொடையில குத்திராதேயும்."

ஆவுடையப்பன் கடப்பாரையை ஓங்கவில்லை. ஊன்றிக்கொண்டு நின்றார். தேரின் கொம்புச் சத்தமும் சனங்களின் ஆரவாரமும் தூரத்தில் எழுந்து அடங்கின.

"ஏன் வே, நீராவே எந்திரிச்சு ஸ்டேஷனுக்குப் போனா என்ன? இருநூறு தப்படி இருக்குமா? என் பிரசங்கத்த பூச்சி அரிச்சுத் தின்னுட்டு. முதல் பன்னெண்டு பக்கந்தான் மிச்சம். வேலைய விட்டேன், பென்சன விட்டேன், எதுக்கு? மரத்தடியில நின்னு உம்ம வரிசைக்கு வழி விடதுக்கா?"

"எந்திரிக்கப் பாக்கலேன்னா நெனச்சீரு?" என்றார் குற்றாலிங்கம். "தினமும் விடியமுன்ன பாக்கேன். முடியல."

"முடியலையா?"

"உம்ம மேல எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா வே?"

ஆவுடையப்பன் திடுக்கிட்டார். அது அவர் சொல்வதற்காகக் கொண்டு வந்திருந்த வாக்கியம்.

"மழ வந்தா வேட்டிய மடிச்சுக்கிட்டு ஒரு ஓட்டம் ஓடுதீரே, அதப் பாத்தா எனக்கு வயிறு எரியும். கூட்டாளிக அத்தன பேரும் ஜெயில்ல ஒண்ணா உக்காந்து கஞ்சி குடிக்கானுவ, நான் இங்க ஒத்தையில. எம் மக கல்யாணத்துல நீரு ரெண்டு தடவ பாயசம் குடிச்சீராமே. எனக்கு ஒரு தம்ளர் கொண்டு வந்தீரா?"

"யாரு சொன்னா?"

"ஊரே எங்கிட்டத்தான் வே சொல்லுது."

"அப்ப தூக்கி விடுங்கன்னு யார்ட்டயாவது கேட்டிருக்கலாமில்லா?"

"கேக்கணுமா? போலீஸ்காரன் தூக்கினான், யானை தூக்கிச்சு. நம்ம ஆளு ஒருத்தன் தூக்கிப் பாத்தானா? வாரவன் எல்லாம் காலத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போயிட்டான். கையப் பிடிச்சவன் ஒருத்தனும் கிடையாது."

இரக்கம் மேலிட்டு ஆவுடையப்பன் கையை நீட்டினார் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அவர் கையை நீட்டியது, குற்றாலிங்கம் சொல்வது பொய் என்று நிரூபிப்பதற்காக. நீட்டியது, கமிட்டியில் அன்றைக்குத் தூக்கிய அதே கை. குற்றாலிங்கம் அதைப் பிடித்தார். வாழைத்தண்டிலிருந்து நார் உரிந்து வருவது போல, ஒரு சிறு சத்தத்துடன் எழுந்து வந்தார். கால்கள் மரத்துப்போய் நிற்க முடியாமல் சரிந்தவரை ஆவுடையப்பன் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டார். துவைத்துக் காயப்போட்ட வேட்டி அளவுக்குத்தான் கனம் இருந்தது. அதுதான் ஆவுடையப்பனை மேலும் ஆத்திரப்படுத்தியது.

"ஸ்டேஷனுக்குத்தானே வே?" என்று தோளிலிருந்து குரல் கேட்டது.

"பின்ன?"

"கொஞ்சம் ஆத்தங்கரை வழியாப் போவும். காலை நனைச்சுக்கிடுதேன்."

ஆறு எதிர்த்திசையில் இருந்தது. ஒரு வருஷம் பத்து மாதம் காத்த தலைமை இருநூறு தப்படி தூரத்தில் இருக்கும்போது, ஆவுடையப்பன் முணுமுணுத்துக்கொண்டே ஆற்றுக்கு நடந்தார். படித்துறையில் அவரை இறக்கி உட்காரவைத்தார். குற்றாலிங்கம் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு, கெண்டை மீன்கள் வந்து விரலைக் கொத்தக் கொத்தச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் பின்னால் நின்று, "போதும் வே, போதும் வே," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் கால்மணி நேரம் தூக்கவில்லை.

ஸ்டேஷனில் ஒரே ஒரு பாராக்காரர் இருந்தார். அவர் கைது செய்ய மறுத்தார். கச்சேரி வாசலிலிருந்து அகற்றத்தான் உத்தரவு, ஆசாமி வாசலில் இல்லாதபோது எதை அகற்றுவது என்று கேட்டார்.

"கைது பண்ணும் வே!"

"இப்படிச் சத்தம் போட்டா உங்களையும் சேத்துப் பண்ண வேண்டி வரும் ஐயா."

"இப்ப வேண்டாம். அரைமணி கழிச்சுப் பண்ணும்."

கடைசியில் குற்றாலிங்கமே உள்ளே தவழ்ந்து போய், அறைக் கம்பிக் கதவைத் தன் கையால் இழுத்துச் சாத்திக்கொண்டார். பாராக்காரர் வேறு வழியில்லாமல் பூட்டினார். ஆவுடையப்பன் ஓடினார்.

கச்சேரி வாசலில், இரண்டு கதவுகளுக்கும் நடுவே, தேய்ந்து வழவழவென்று ஒரு குழி இருந்தது. இன்னும் சூடு ஆறவில்லை. அதில் உட்கார்ந்தார். அவருக்குச் சற்றுச் சிறியதாகத்தான் இருந்தது, நெருக்கிக்கொண்டார். தேர் நிலைக்கு வந்து சனங்கள் திரும்பியபோது பந்தலடியில் ஆள் மாறியிருப்பதைப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சிய எங்க?"

"கைதாயிட்டாரு."

"யாரு தூக்குனது?"

போலீஸ் என்று சொல்லியிருக்கலாம். பாராக்காரரும் மறுத்திருக்க மாட்டார். ஆவுடையப்பன் கூட்டத்தைப் பார்த்தார். "நான்தான்," என்றார்.

யாரும் மாலை போடவில்லை. ஆவுடையப்பன் மடியிலிருந்து மிச்சமிருந்த பன்னிரண்டு பக்கங்களை எடுத்து, "சகோதர சகோதரிகளே," என்று தொடங்கி, இரண்டாவது வாக்கியத்தின் நடுவே இருக்கும்போது ஸ்தனிஸ்லாஸ் வந்து சேர்ந்தார். பதினாறு கான்ஸ்டபிள்கள் வந்தார்கள். குற்றாலிங்கத்தைத் தூக்கிப் பழகிய பதினாறு பேர், குற்றாலிங்கத்தைத் தூக்குகிற வேகத்திலேயே ஒன்றாக மூச்சுப்பிடித்துத் தூக்கினார்கள். ஆவுடையப்பன் சுண்டிவிட்ட புளியங்கொட்டை போல எழும்பி, பந்தல் ஓலையைப் பொத்துக்கொண்டு மேலே போய், வெகுநேரம் அங்கே இருந்துவிட்டு, போலீஸ் வண்டியின் வைக்கோலில் வந்து விழுந்தார். மருதந்துறையின் இரண்டாவது சர்வாதிகாரி பதவியில் இருந்தது பதினொரு நிமிஷம். பத்து என்று சொல்பவர்கள் ஆகாயத்தில் இருந்ததைச் சேர்க்காமல் விடுகிறார்கள்.

ஸ்தனிஸ்லாஸ் கையைத் தட்டிக்கொண்டு, "அவ்வளவுதானா? மூணாவது யாரும் உண்டா?" என்று சிரித்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு உலகம்மாள் வந்தாள். தேர்ப் பானகத்துக்கு இடித்த ஏலக்காய் வாசனை கையில் இருந்தது. குழியில் உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"ஏட்டி, நீ எங்க?" என்று வண்டியிலிருந்து ஆவுடையப்பன் கத்தினார்.

"நீங்கதான எழுதி வச்சிய மூணாவதுன்னு."

வண்டி கிளம்பிவிட்டதால் பிறகு நடந்ததை ஆவுடையப்பன் பார்க்கவில்லை. அவருக்கு ஒன்றரை வருஷம் போட்டார்கள். ஜெயிலில் குற்றாலிங்கம் இருந்த கொட்டடியிலேயே இடம் கிடைத்தது. அங்கே பதினைந்து நாளைக்கு ஒருமுறை கைதிகளுக்கு எடை பார்ப்பார்கள். குற்றாலிங்கம் தொண்ணூற்றெட்டு ராத்தல். அதைக் கேட்டபோது ஆவுடையப்பன் அடைந்த நிம்மதி மூன்று வாரம் நீடித்தது. நான்காவது வாரம் ஊரிலிருந்து புதிதாக வந்த கைதி ஒருவர், உலகம்மாளைப் பதினாறு பேராலும் அசைக்க முடியவில்லை என்றும், யானையை மறுபடி கூப்பிட்டார்கள், அது கச்சேரித் தெருமுனையிலேயே நின்றுவிட்டது என்றும், மனு வரிசை இப்போது பூவரச மரத்தையும் தாண்டி ரயிலடி வரை நிற்கிறது என்றும் சொன்னார்.

குற்றாலிங்கம் ஆவுடையப்பனைப் பார்த்தார். "எழுதிப் போடும் வே. கையக் குடுக்க ஆள் வேணும்னு நமக்குத்தான தெரியும். பாவம், அது எப்படித் தவிக்குதோ."

மாதத்துக்கு ஒரு கடிதம்தான் எழுதலாம். ஆவுடையப்பன் ஆறு நாள் யோசித்துவிட்டு எழுதினார். நலம் விசாரித்தார், மாட்டுக்குத் தவிடு வைத்தாயா என்று கேட்டார், கடைசி வரியில், நீ எழுந்திருக்க நினைத்தால் நம்மவர் யாரையாவது கையைப் பிடித்துத் தூக்கிவிடச் சொல், உடனே எழுந்துவிடலாம் என்று எழுதினார்.

அடுத்த மாதம் பதில் வந்தது. மச்சினன் கையெழுத்து, உலகம்மாளின் வார்த்தை. "இங்கு யாவரும் சுகம். மாட்டைத் தாசில்தார் வீட்டில் பார்த்துக்கொள்கிறார்கள். சோறு உட்கார்ந்த இடத்துக்கு வருகிறது. கலியாணம் ஆகி இருபத்திரண்டு வருஷத்தில் இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்திருக்க யார் நினைத்தார்கள்?"

ஆவுடையப்பன் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்று எடை பார்க்கும் நாள். அவர் தராசில் இரண்டு தடவை ஏறி நின்றார்.